அடித்தண்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பயன்பட்டது. மற்றபடி மாடு வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அவன் கம்பி. என் அம்மாவும் அவன் அம்மாவும் அக்கா தங்கை. எங்கம்மா மூத்தவள், அவன் அம்மா கடைக்குட்டி, நடுவில் மூன்று மாமன்மார். ஒரே சுவரைப் பங்கு போட்ட இரண்டு வீடுகளில் வளர்ந்தோம். எனக்கு அவன் ஆறு வயது இளையவன். அவனுக்குக் கீழே ஒரு தங்கை. அவளை எல்லாரும் சின்னவள் என்போம், இப்போது அவளுக்கே முடி நரைத்துவிட்டது.

கம்பி என்று பெயர் வரக் காரணம் அவன் கையிலிருந்த இரும்புக் குழாய். ஒரு கை நீளம் இருக்கும். உள்ளே காலி, நுனியில் பல் பல்லாக அறுத்த வாய், மேலே திருகுவதற்குக் குறுக்கே ஒரு பிடி. காய்ந்த புல் கட்டிலோ தீவன மூட்டையிலோ அதைக் குத்தித் திருகினால் உள்ளே இருப்பது குழாய்க்குள் ஏறி வந்துவிடும். பால் சங்கத்தில் அவனுக்கு அதுதான் வேலை. வீடு வீடாகப் போய் மாட்டுத் தீவனத்தில் மாதிரி எடுத்து, பையில் போட்டு, சீட்டு எழுதி, சங்கத்தின் சோதனைக்கூடத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் அட்டவணை ஒன்று இருந்தது. சோளத்தட்டை என்றால் புரதம் இவ்வளவு, நார் இவ்வளவு, வைக்கோல் என்றால் இவ்வளவு என்று அச்சடித்துச் சங்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் மாட்டுக்கு அளந்து வைத்தார்கள். கம்பி அந்த அட்டவணையைக் கண்டால் சிரிப்பான். "அதுல இருக்கிற தட்டையை எந்த மாடும் தின்னதில்லைங்க. உங்க மாடு உங்க தட்டையைத்தான் தின்னுது" என்பான்.

மாதிரி எடுப்பதில் அவனை ஏமாற்ற முடியாது. நல்ல மூட்டையை முன்னால் தள்ளி வைத்துவிட்டு, பூஞ்சை பிடித்ததை அடியில் போட்டு வைப்பவர்கள் உண்டு. ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் இவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறை.

"மேல் மூட்டையிலேயே எடுத்துக்கோங்களேன். எதுக்கு அடிக்குப் போறீங்க, முதுகு பிடிச்சுக்கப் போவுது."

"என் முதுகு மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறைன்னா, அடி மூட்டையில என்னமோ இருக்குங்க."

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் ஒரே சரக்கு."

"ஒரே சரக்குன்னா எதுல எடுத்தா என்ன. நகருங்க."

இருபது இடத்தில் எடுப்பான். எடுத்ததைச் சுத்தமான சாக்கில் கொட்டிக் கலப்பான். கலந்த குவியலை நாலு பாகமாகப் பிரிப்பான். எதிரெதிர் இரண்டைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கலப்பான், மறுபடி நாலாக்குவான். ஒரு பை அளவுக்கு வரும்வரை இது நடக்கும். மாடு தொட்டியில் எதைத் தின்கிறதோ அது அப்படியே சின்னதாகிப் பைக்குள் வர வேண்டும், இலை மட்டும் வந்தாலும் தப்பு, தூசி மட்டும் வந்தாலும் தப்பு. இதைச் சொல்லிக் கொடுத்தவர் சோதனைக்கூடத்து மேடம். சொன்னதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டவன் இவன்.

நான் அந்தச் சோதனைக்கூடத்தில்தான் வேலை பார்த்தேன். கம்பிதான் மேடத்திடம் சொல்லிச் சேர்த்துவிட்டான். பாலைக் குளிர வைக்கும் கட்டடத்துக்குப் பின்னால் மூன்று அறைகள். முதல் அறையில் பைகள் வந்து இறங்கும், தராசு இருக்கும். மூன்றாவது அறை மேடத்தினுடையது. கண்ணாடிக் குடுவைகள், அமிலம், நோட்டுகள். நடு அறை என்னுடையது. அங்கே உலர வைக்கும் அடுப்பு ஒன்று, அலமாரி மாதிரி நிற்கும், உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கலாம். அதற்குப் பக்கத்தில் அரவை மிஷின். பச்சையாக வருவதை நறுக்கி, தட்டில் பரப்பி அடுப்பில் வைத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போவேன். காலையில் எடுத்து நிறுத்தால் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறதென்று தெரியும். உலர்ந்ததை மிஷினில் போட்டு மாவாக்கி, டப்பாவில் அடைத்து மேடத்துக்குக் கொடுப்பேன். எழுதப் படிக்கத் தட்டுத் தடுமாறித்தான் வரும் எனக்கு. ஆனால் டப்பாவில் நம்பர் மாறியதே இல்லை. அது மட்டும் சொல்லிக்கொள்வேன்.

வேலையில் எனக்கு ஒரே எதிரி சோளத்தின் அடித்தண்டு. கட்டைவிரல் தடிமனில் இருக்கும். இலையும் மேல்தண்டும் காலையில் அப்பளமாக நொறுங்கும். இந்த அடித்தண்டு மட்டும் தோல் மாதிரி துவண்டு கிடக்கும். மிஷினில் போட்டால் கத்தியைச் சுற்றிக்கொள்ளும். மிஷின் உறுமி நின்றுவிடும். ஸ்பேனர் எடுத்து நாலு போல்ட்டைக் கழற்றி, சல்லடையை வெளியே எடுத்து, பிரஷ்ஷால் துடைத்து, மறுபடி மாட்டி முடிப்பதற்குள் என் மணிக்கட்டு வீங்கிவிடும். ஒரு நாளைக்கு மூன்று தடவை இப்படி நடந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை உயராது.

ஒரு நாள் கம்பி பைகளோடு வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, எனக்குன்னு தேடிப் பிடிச்சுக் கொண்டு வர்றியா இந்தக் கட்டையை எல்லாம்?"

"வயல்ல இருக்கிறது அதுதானேக்கா. நான் என்ன உருளைக்கிழங்கா நட்டு வச்சேன்."

"மாடே அதைக் கடிச்சுட்டுத் துப்பிடுது. தொட்டியில பாரு, அடித்தண்டுதான் மிச்சம் கிடக்கும். மாடு திங்காததை நான் எதுக்கு அரைக்கணும்?"

அவன் யோசித்தான். நான் மணிக்கட்டை நீட்டிக் காட்டினேன். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை மேடத்துக்கிட்டச் சொல்லேன், மிஷின் மாத்தித் தருவாங்க" என்றான்.

"மூணு வருஷமா அடுப்புக் கதவுக்குக் கைப்பிடி கேட்டுக்கிட்டு இருக்கேன். மிஷின் மாத்துவாங்களாம் மிஷின்."

அவன் சிரித்துவிட்டுப் போனான். அடுத்த வாரத்திலிருந்து வந்த பைகளில் அடித்தண்டு இல்லை. வயலில் நிற்கும் சோளத்தை அரிவாளால் தரையோடு வெட்டுவான், அதில் குறை வைக்கவில்லை. வெட்டியதைச் சாக்கில் போட்டுக் கலக்கும் முன்னால் கீழ்ப்பக்கத்தில் ஒரு சாண் ஒடித்து எறிந்துவிடுவான். அவ்வளவுதான். மிஷின் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது. நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நாலு வருஷம் இப்படியே போனது. தப்பு நடப்பதாக யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அந்தத் தப்பு பார்க்க அழகாக இருந்தது. தண்டைக் கழித்தால் இலைதானே மிச்சம். சோதனை முடிவு எழுதிப் போகும் சீட்டில் புரதம் கொஞ்சம் கூடிக் காட்டும், நார் கொஞ்சம் குறைந்து காட்டும். வீட்டுக்காரர்கள் தங்கள் சோளம் முதல் தரம் என்று சந்தோஷப்பட்டார்கள். சீட்டு சொல்லும் அளவுக்குப் பால் வராதபோது மாட்டைத்தான் திட்டினார்கள்.

ஐந்தாவது வருஷம் மழை பொய்த்தது. சோளம் இடுப்புயரத்தில் நின்றுவிட்டது, இலை சுருண்டு குழலாகிவிட்டது. அப்புறம் திடீரென்று ஒரே ஒரு மழை. வாடிய பயிர் மூன்று நாளில் பச்சைப் பசேலென்று எழுந்து நின்றது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் மேடம் பயந்தார். பயிர் வாடிக் கிடந்து சட்டென்று தண்ணீர் குடித்தால், மண்ணில் போட்ட உரத்து உப்பையும் சேர்த்து உறிஞ்சிவிடுமாம். நைட்ரேட் என்பார்கள் அதை. பயிருக்கு அதைச் செரிக்க நேரம் இருக்காது, அப்படியே உள்ளே தங்கிவிடும். மாட்டின் வயிற்றில் போனால் ரத்தத்தைக் கெடுத்துவிடும். அதனால் வெட்டிப் போடும் முன்னால் சோதனைக்குக் கொடுங்கள் என்று சங்கத்தில் எழுதிப் போட்டார்.

சின்னவளை ஒரு மாட்டுக்காரருக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். இருபத்திரண்டு கறவை மாடுகள். அவள் வீட்டுக்காரர் சிடுசிடுப்பில்லாத மனுஷன். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார், எங்கள் பக்கத்து உறவுக்காரிகளின் பெயரையே சிலதுக்கு வைத்துவிட்டு எங்களிடம் திட்டு வாங்குவார். அந்த வருஷம் அவர் கொட்டகையில் காய்ந்த தீவனம் தீர்ந்துவிட்டது. வயலில் சோளம் நிற்கிறது. வெட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கம்பியைக் கூப்பிட்டார்.

"மச்சான், மத்தவங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். நீங்க எடுத்துட்டுப் போய்ப் பார்த்துச் சொல்லுங்க. சரின்னா போடுறேன். இல்லைன்னா ஆளுக்கொரு மாட்டைப் பிடிச்சுக் கொடுத்துட்டுச் சும்மா உட்கார்ந்துடுறேன்."

"ஏன் மாப்ளே கொடுத்துடுவீங்க, நான் இருக்கேன்ல" என்று கம்பி சொன்னானாம். இதைச் சின்னவள்தான் பின்னால் எனக்குச் சொன்னாள்.

அன்று வயலில் இருபது இடத்துக்குப் பதிலாக முப்பது இடத்தில் எடுத்தான். ஓரம், நடு, பள்ளம், மேடு எல்லாம் நடந்து எடுத்தான். தங்கச்சி வீட்டு மாடாயிற்றே. தரையோடு வெட்டினான். வெட்டியதைக் கொண்டுவந்து மர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, நாலு வருஷமாகச் செய்த மாதிரியே அடித்தண்டை ஒரு சாண் ஒடித்து எறிந்தான். எறிந்தது நினைவில் கூட இல்லை என்று பின்னால் என்னிடம் சொன்னான். கை பழகிவிட்டது, மனசு வேறெங்கோ இருந்தது.

அந்தப் பை என் அறைக்கு வந்தது. திறந்து பார்த்தேன். தண்டு இல்லை. நைட்ரேட்டுக்கு வந்த பை, சின்னவள் வீட்டுப் பை என்று எனக்குத் தெரியும். இதில் எல்லாம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றியதெல்லாம், நல்லவேளை, இன்றைக்கு மிஷின் நிற்காது என்பதுதான். அரைத்துக் கொடுத்தேன்.

நைட்ரேட் அரை சதவீதத்துக்குக் கீழே வந்தது, மாடு தாங்கும் அளவுதான். கொடுக்கலாம் என்று மேடம் கையெழுத்துப் போட்டார். கம்பி சீட்டை அஞ்சலில் போடவில்லை, தானே சைக்கிளில் கொண்டு போனான்.

மறுநாள் காலையில் மாடுகளுக்குச் சோளம் போட்டார்கள். பசியோடிருந்த மாடுகள், இலை, தண்டு என்று பார்க்கவில்லை. துப்பவும் இல்லை. தொட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்ததாம். பதினொரு மணிக்கு முதல் மாடு தள்ளாடியது. சங்கத்துக்கு ஆள் ஓடி வந்தது. மாட்டு டாக்டரும் கம்பியும் முன்னால் போக, நானும் மேடமும் பால் வண்டியில் ஏறிப் பின்னால் போனோம்.

நாங்கள் போனபோது கொட்டகையில் ஒன்பது மாடுகள் படுத்துக் கிடந்தன. மூச்சு இரைத்தது, வாயைத் திறந்து திறந்து காற்றை விழுங்கின. நாக்கும் ஈறும் மண் நிறமாகிவிட்டன. டாக்டர் ஒன்றின் கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். அது சிவப்பாக இல்லை, கரும்பழுப்பாக, நேற்றைய காப்பி மாதிரி இருந்தது. நீல மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றினார். அவரிடம் இருந்தது ஏழு மாட்டுக்குத்தான் பத்தும். எதற்குப் போடுவது, எதை விடுவது என்று அவர் கேட்க, சின்னவள் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் கை காட்டினார். பட்டப்பெயர் சொல்லித்தான் காட்டினார். ஏழு காட்டி முடித்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார்.

நின்றிருந்த மாடுகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன, சாயங்காலத்துக்குள் பதினொரு மாடுகள் போய்விட்டன.

கம்பி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, திரும்பி வந்து அவன் முன்னால் நின்றார். கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"நீங்க சொன்னீங்க மச்சான்."

அவ்வளவுதான் பேசினார். அதற்குப் பின் பதினாலு வருஷம் அவனிடம் பேசவில்லை.

மேடம் அன்றைக்கே வயலில் இறங்கித் தன் கையால் செடிகளைத் தரையோடு வெட்டினார். ஒவ்வொரு செடியையும் மேல், நடு, அடி என்று மூன்றாக்கித் தனித்தனியாகக் கட்டினார். இரண்டு நாள் கழித்து எங்களை மூன்றாவது அறைக்குக் கூப்பிட்டார். மேல் பாகத்தில் ஒன்றுமே இல்லை. நடுவில் கொஞ்சம். அடித்தண்டில் இரண்டு சதவீதத்துக்கும் மேலே. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மாட்டைக் கொல்லப் போதும்.

"நீங்க கொண்டு வந்த பையில அடித்தண்டு இருந்துச்சா?" என்று கம்பியைக் கேட்டார்.

"இல்ல மேடம்."

"ஏன்?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். மாவு அள்ளும் கரண்டி கையிலேயே இருந்தது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீளமா இருக்கும், பைக்குள்ள அடங்காது. ஒடிச்சுப் போட்டுடுவேன்."

"அன்னைக்கு மட்டுமா?"

"நாலு வருஷமா மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் அடியோட வெட்டச் சொன்னது எதுக்குன்னு நினைச்சீங்க?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவரும்தான் நாலு வருஷம் அந்தச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேலை போய்விடும் என்று பயம். வீட்டில் நிலைமை அப்படி, இப்படி என்று பின்னால் எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

அவனை மாதிரி எடுக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழாயை வாங்கி வைத்துக்கொண்டு, பால் கேன் கழுவும் இடத்தில் போட்டார்கள். காலையிலிருந்து வெந்நீரும் சோடாவும். சுற்றியிருந்தவர்களுக்குப் பேசப் பொருள் கிடைத்துவிட்டது. "கம்பி, கேனையாவது அடிவரைக்கும் கழுவறியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவன் கேனைக் கவிழ்த்துக் காட்டுவான். சண்டைக்குப் போக மாட்டான்.

ஒரு வாரம் கழித்து அவனைத் தனியாகப் பிடித்தேன். "நான் மேடத்துக்கிட்டப் போய்ச் சொல்லிடுறேன்டா" என்றேன்.

"என்னத்தை?"

"நான் சொல்லித்தான் நீ ஒடிச்சேன்னு."

"நீ சொன்னே. உனக்கு என்னக்கா தெரியும்? எனக்குத் தெரியணும்ல. அருவா என் கையில இருந்துச்சு." கேனைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "ஒருத்தர் சோறு போனது போதும். ரெண்டு வீட்டுச் சோறு எதுக்குப் போகணும்? விடு."

வேண்டாம் என்று அவன் சொன்னான், உண்மை. அந்தச் சொல்லை நான் எவ்வளவு வசதியாகப் பிடித்துக்கொண்டேன் என்பதும் உண்மை.

அப்புறம் அவன் செய்தது யாரும் சொல்லிச் செய்ததல்ல. நாலு வருஷத்தில் அவன் சோளத்தில் மாதிரி எடுத்த வீடுகளின் பட்டியலை மேடத்திடம் கேட்டு வாங்கினான். முந்நூற்றுப் பதினேழு வீடுகள். சங்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறோமே, போதாதா என்றார் மேடம். "ஒட்டினதை யாருங்க படிக்கிறாங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒவ்வொரு வீட்டிலும் போய், "உங்க சோளச் சீட்டுல இருக்கிற நம்பர் தப்புங்க, நான் தண்டை விட்டுட்டு எடுத்தேன். அதை வச்சு அளந்து போடாதீங்க, புதுசா சோதனைக்குக் கொடுங்க" என்று சொல்வான். சீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தால் தன் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான்.

சில வீட்டில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். சில வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் நடந்ததை அவனே என்னிடம் சொன்னான். வயதானவர் ஒருவர் சீட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தாராம்.

"அப்போ, இந்தச் சீட்டு சொன்ன அளவுக்குப் பால் வராதா?"

"வராதுங்க. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் குறையத்தான் செய்யும்."

"அப்போ என் செவலை சரியாத்தான் கறந்துச்சு."

"சரியாத்தான் கறந்திருக்குங்க."

"நான் அதைச் சோம்பேறி மாடுன்னு வித்துட்டேனேப்பா" என்றாராம் அவர். 

இரண்டு வருஷம் பிடித்தது. முந்நூற்றுப் பதினாறு வீட்டுக்கும் போய்விட்டான். மிச்சம் ஒன்று. அந்த வீட்டுத் தெருமுனை வரைக்கும் மூன்று தடவை போய்த் திரும்பியிருக்கிறான்.

நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். சின்னவளுக்கு என் மேல் என்ன கோபம்? நான் மாவு அரைக்கிறவள். மாதம் ஒரு தடவை போவேன், அவள் கையால் சாப்பிடுவேன், மிச்சமிருந்த மாடுகள் பெருகியதைப் பார்ப்பேன். அண்ணன் பேச்சை எடுத்தால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். மாப்பிள்ளை, "அண்ணி, வேற பேசுவோம்" என்பார். அதற்குப் பின் அந்த வீட்டில் தீவனத்தைச் சோதனைக்கே கொடுக்கவில்லை. அட்டவணையும் இல்லை, சீட்டும் இல்லை. கையால் தொட்டுப் பார்த்துப் போடுவார்.

அவர்கள் மகள் கல்யாணம் வந்தது. தாய்மாமனைக் கூப்பிடவில்லை. நான் போய்விட்டு வந்தேன். மறுநாள் கேன் கழுவும் இடத்துக்குப் போனேன். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பெண் நடை பழகியது இவன் விரலைப் பிடித்துத்தான்.

"பாப்பா எப்படி இருந்தா?" என்றான்.

"நல்லா இருந்தாடா."

"மாப்பிள்ளைப் பையன்?"

"உயரம். கொஞ்சம் கூனல்."

"கூனல்னா பரவால்ல, குனிஞ்சு பேசுவான்" என்று சிரித்தான். "என்னைக் கேட்டாளா?"

கேட்டாள் என்று பொய் சொன்னேன். அன்று மாலையே போய்ச் சின்னவளிடம் உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. கல்யாண வீடு, இப்போது வேண்டாம் என்று தள்ளினேன். அப்புறம் அந்தப் பெண்ணின் பிரசவம், அப்புறம் சின்னவள் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். தள்ளுவதற்கா காரணம் இல்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். இனி யாரும் என்னை வேலையை விட்டு நீக்க முடியாது. அப்போதும் சொல்லவில்லை. இத்தனை நாள் சொல்லாததற்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

போன வருஷம் கம்பிக்கு நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். பஸ் பிடித்து நேராகச் சின்னவள் வீட்டுக்குப் போனேன். மத்தியானம். மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை, மணிக்கட்டை, அவன் பைக்கு அடங்கவில்லை என்று சொன்னபோது நான் கதவோரம் நின்றதை.

மாப்பிள்ளை கட்டிலை விட்டு எழுந்தார். "இதை எனக்கு இப்போ சொல்லி என்ன ஆகணும் அண்ணி" என்றார். "அவர் கவனம் இல்லாம பண்ணிட்டார்னு நினைச்சேன். நம்ம வீட்டு மாடுதானேன்னு அலட்சியமா எடுத்துட்டார்னுதான் என் ஆத்திரமே. அக்கா கை வலிக்குதேன்னு செஞ்ச காரியம்னு தெரிஞ்சிருந்தா..."

சின்னவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"மாசா மாசம் வந்து என் கையால சாப்பிட்டியேக்கா" என்றாள். "எங்க அண்ணன் அங்க ஒத்தையா கேன் கழுவிட்டு இருந்தப்போ, நீ இங்க உட்கார்ந்து ரெண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டே."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

வார்டில் அவனைப் பார்த்ததும் அவள் அழவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, கலைந்து கிடந்த அவன் முடியை விரலால் கோதிவிட்டாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்தான், நம்பாதவன் மாதிரி மறுபடி மூடித் திறந்தான்.

"யார் கூட்டிட்டு வந்தா?"

"பெரியக்கா சொல்லிடுச்சு. எல்லாத்தையும்."

அவன் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "சொல்லிட்டியா" என்றான். அப்புறம் தங்கையிடம், "இப்போ என்ன போடுறீங்க மாட்டுக்கு?" என்று கேட்டான். அவள் சோளம், காய்ந்த புல், கொஞ்சம் பிண்ணாக்கு என்று சொன்னாள். எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை மாடு கறவையில் என்று விடாமல் கேட்டான். மூச்சு வாங்க வாங்கக் கேட்டான். நர்ஸ் வந்து பேசக்கூடாது என்றதும் நிறுத்தினான்.

அவள் இரண்டு நாள் கூடவே இருந்தாள். மாப்பிள்ளை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. அவன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவன் போய்விட்டான்.

மாப்பிள்ளை பத்து மணிக்கு வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார், முழங்கைக்கு மேலே ஒரு ரத்தத் தீற்று அழியாமல் இருந்தது. சின்னவள் காகிதங்களுக்காக அலுவலகத்தில் நின்றாள். கட்டிலில் விரிப்பு எடுத்தாகிவிட்டது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெத்தையைப் பார்த்தபடி நின்றார்.

"நேத்தே கிளம்பினேன் அண்ணி" என்றார். "தலையீத்து மாடு ஒண்ணு, கன்னு குறுக்கே திரும்பிடுச்சு. விட்டுட்டு வர முடியல. விடிஞ்சுதான் வெளியே எடுத்தோம்."

"பிழைச்சுதா?"

"ரெண்டும் பிழைச்சுது."

"அதை விட்டுட்டு வந்திருந்தா அவனே உங்களைத் திட்டியிருப்பான் மாப்பிள்ளை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு நாள் தாமதத்துக்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது, நியாயமான காரணம். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பதினாலு வருஷத்துக்கு என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. சின்னவள் காகிதங்களோடு வந்து அவரை மட்டும் அழைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் அவன் செருப்பையும் டம்ளரையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.